சாக் அப்சார்பரும் என் மனைவியின் முதுகும்

திருவெறும்பூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தில்லைநகரில் இருக்கும் பிசியோதெரபி மையம் வரைக்கும் 19 வேகத்தடைகள். நான் எண்ணியது அல்ல, என் மனைவி எண்ணியது. இடுப்புப் பக்கம் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியதிலிருந்து வாரம் மூன்று நாள் இந்தப் பயணம். ஒவ்வொரு தடை வரும்போதும் இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வாள். வண்டி தாண்டியதும் மெதுவாக உட்காருவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்தப் பேசாமைதான் என்னைப் படுத்திற்று.

வண்டி 2004-ஆம் வருஷத்து மாருதி 800. ஒரே கை, அதாவது என் கை. 2019-இல் ஒரு தடவை, 2024-இல் ஒரு தடவை என்று ஐந்தைந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தாயிற்று. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் ஒரு நாள் அம்மாவை அழைத்துப் போய்விட்டு வந்து சாவியை மேஜையில் வைத்தான். "அப்பா, ஸ்டீயரிங் என்ன இப்படி லூசா இருக்கு? நீங்க எப்படி ஓட்டறீங்க? இதைக் குடுத்துட்டு வேற வாங்கிடலாம், நான் பாதி போடறேன்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாத ஆட்டமா? அவன் ஓட்டுவது பவர் ஸ்டீயரிங் வண்டி, அதனால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் முதுகு விஷயம் மனதில் தங்கிவிட்டது. வண்டியை விற்க மனம் இல்லை. அப்படியானால் வண்டியைச் சரி செய்ய வேண்டும். சரி செய்வது என்ன, மேம்படுத்தியே விடுவோம் என்று தீர்மானித்தேன். அந்த 'மேம்படுத்துதல்' என்ற சொல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

முன்பக்க மட்கார்டை இரண்டு கையாலும் அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஒரு தடவை மேலே வந்து நின்றால் சாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டி மூன்று தடவை ஆடிற்று. குனிந்து பார்த்தால் இடது பக்க சாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய், அதன் மேல் புழுதி அப்பிக் கறுப்பாகக் கிடந்தது. ஸ்டெபிலைசர் பார் இரண்டு முனையிலும் லோயர் ஆர்முக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்கள் காய்ந்து வெடித்து, பழைய செருப்பு மாதிரி இருந்தன.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பலரும் குழப்பிக்கொள்கிற விஷயம் இது. வண்டியின் எடையைத் தாங்குவது சாக் அப்சார்பர் இல்லை, ஸ்பிரிங். பள்ளத்திலோ மேட்டிலோ ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி விரியும். விட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். மெதுவாக அழுத்தினால் வழி விடும், வேகமாகக் குத்தினால் முறைத்துக்கொண்டு நிற்கும். 800-இல் முன்பக்கம் சாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே தூணாக நிற்கும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. 1950-இல் வந்த இங்கிலாந்து ஃபோர்டு கான்சலில் இருந்தது, இன்றைக்கும் சின்னக் கார்களில் முக்கால்வாசி அதுதான். பின்பக்கம் சாக் தனி, ஸ்பிரிங் தனி.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். கம்பெனியில் வருகிற மாதிரி சாதா எண்ணெய் சாக் ஒன்று. நைட்ரஜன் வாயு அடைத்த கேஸ் சாக் இன்னொன்று, விலை ஒன்றரை மடங்கு. ஓயாமல் ஆடும்போது எண்ணெயில் நுரை தட்டிப் பிடிமானம் போய்விடும், வாயு அழுத்தம் இருந்தால் நுரை தட்டாது. இது உண்மைதான். நான் வாங்கியதோ வளைவில் வண்டி சாயாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் விறைப்பாகவே செய்யப்பட்ட ரகம். 'விறைப்பு' என்று பெட்டியில் போட்டிருந்ததை 'உறுதி' என்று நான் படித்துக்கொண்டேன். அது போதாதென்று ரப்பர் புஷ்களுக்குப் பதிலாகக் கோயம்புத்தூரில் ஒருவர் செய்து கூரியரில் அனுப்பும் பாலியூரித்தேன் புஷ்களும் வரவழைத்தேன். சிவப்பு நிறம். கையில் எடுத்தால் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி கெட்டி. பத்து வருஷத்துக்குக் கெடாது என்றார் போனில். எனக்கு அப்போது வயது 67. பத்து வருஷத்துக்குக் கெடாதது எது என்றாலும் வாங்கத் தோன்றும் வயது.

வேலையைப் போர்ட்டிகோவில் வைத்துக்கொண்டேன். பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி உதவிக்கு வந்தான். நான் முதலில் அவனுக்குச் சொன்னது, ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே என்பது. இரண்டு ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டோம். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும்.

சாக்கைக் கழற்றுவது அப்படி ஒன்றும் கடினம் இல்லை. பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்துவிட்டு, கீழே நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். துரு பிடித்துக்கிடந்த போல்ட்டுகளுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். அப்புறம் பானெட்டைத் திறந்து மேல் நட்டுகளை எடுத்தால் தூண் கையோடு வந்துவிடும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் தொடக்கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது அதுதான். தெரியாமல் கழற்றினால் ஸ்பிரிங் தூக்கி எறிகிற வேகத்துக்கு முகமும் தாங்காது, சுவரும் தாங்காது.

ஸ்பிரிங்கை அமுக்க இரண்டு கொக்கி வைத்த கம்ப்ரஸர் ஒன்று வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். எதிரெதிர்ப் பக்கம் மாட்டி, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று இறுக்கினேன். பாதி அமுங்கியபோது 'டங்' என்று ஒரு சத்தம். ஒரு கொக்கி கம்பியின் மேல் இரண்டு விரல் தூரம் வழுக்கி நின்றிருந்தது. தம்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரு சாண் இருக்கும். "தம்பி, அப்படியே பின்னால போ" என்று மட்டும் சொன்னேன். சத்தம் போட்டிருந்தால் பயந்து எதையாவது தட்டியிருப்பான். அவன் வாசல் வரைக்கும் போன பிறகு, உடம்பை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

34 வருஷம் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஊரான் பிள்ளையை அந்த இடத்தில் உட்கார வைத்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அவனுடைய அம்மாவிடம் அன்று சாயங்காலமே போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் தம்பிக்கு 'டியூஷன்' இருந்தது.

இரண்டு தூண்களையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பாயின் பட்டறைக்குப் போனேன். பாய் அந்தக் காலத்து அம்பாசிடர் மெக்கானிக். சுவரில் போல்ட் போட்டுப் பதித்த ஒரு பிரஸ் வைத்திருக்கிறார். இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றிக் கொடுக்க அவருக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. புது சாக்கின் தண்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். "சார், இது யாருக்கு?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற பக்குவம் அன்றைக்கு இல்லை.

ஸ்டீயரிங் பக்கம் வந்தபோதுதான் என் கோபத்துக்கெல்லாம் பதில் கிடைத்தது. சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கிற இடங்களில் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருப்பது பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ. 3-உம் 9-உம் இருக்கிற இடங்களில் பிடித்து அசைத்து ஆடினால் டை ராட் பக்கம் கோளாறு. வலது சக்கரம் 3-9-இல் லொடக் லொடக் என்றது. டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் போய், மழைத் தண்ணீரும் மண்ணும் புகுந்து உள்ளே இருக்கும் குண்டு தேய்ந்து போயிருந்தது. காட்டர் பின்னை எடுத்து நட்டைக் கழற்றி, இரண்டு சுத்தியலால் நக்கிளின் காதில் இருபுறமும் ஒரே நேரத்தில் தட்டினேன். டை ராட் எண்ட் கழன்று வந்தது. கையில் பிடித்துக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி ஆடிற்று. இன்னும் எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குண்டு கூட்டை விட்டு வெளியே வந்தால் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் சம்பந்தம் இல்லை. போன மாதம்தான் தஞ்சாவூர் ரோட்டில் 80-இல் போயிருந்தோம், இவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

எனக்கு ஏன் தெரியவில்லை? ஒரே நாளில் லூசாகியிருந்தால் தெரிந்திருக்கும். இது நாளுக்கு ஒரு மயிரிழை. வண்டி விலக விலக என் கையும் அதற்குத் தகுந்தாற்போலத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி நேராகப் போகாது, கொஞ்சம் இடது பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கே தெரியாமல் பழக்கமாகியிருந்தது. புதிதாக உட்காருகிறவனுக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி மகனுக்குப் போன் பண்ணி, "நீ சொன்னது சரிதான்" என்றேன். "எது?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை.

புது டை ராட் எண்ட் இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்தான். பழையதைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, புதியதை அத்தனை சுற்று ஏற்றினேன். அப்படிச் செய்தால் அலைன்மென்ட் கடைக்குப் போகிற வரைக்கும் வண்டி ஓரளவு நேராகப் போகும். காட்டர் பின் மட்டும் புதியதுதான் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடுகிற கஞ்சத்தனம் ஆகாது. ரேக்கின் ரப்பர் உறையும் கிழிந்திருந்தது, அதையும் மாற்றினேன். ரேக்கில் ஆட்டத்தைக் குறைக்க ஒரு ஸ்குரூ உண்டு. அதையும் இறுக்கிவிடலாமா என்று பாயைக் கேட்டேன். "தொடாதீங்க சார். இறுக்கினா திருப்பின ஸ்டீயரிங் தானா நேராகாது. அப்புறம் நீங்கதான் இழுத்து இழுத்து நேராக்கணும்" என்றார். அந்த ஒரு பேச்சையாவது கேட்டேன்.

அலைன்மென்ட் முடித்துக்கொண்டு பால்பண்ணை ரவுண்டானாவில் திரும்பினேன். அடடா! வண்டி சாயவே இல்லை. தண்டவாளத்தில் போகிற மாதிரி. ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கிறது. எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "நாளைக்குப் பார், உனக்கு ஏரோப்ளேன்ல போற மாதிரி இருக்கும்" என்று இவளிடம் சொன்னேன்.

மறுநாள் முதல் வேகத்தடை எங்கள் தெரு முனையில். இவள் வழக்கம்போலக் கையை ஊன்றினாள். தாண்டினோம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் ரோட்டைப் பார்த்தாள். ஏழாவதோ எட்டாவதோ வந்தபோது, "ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "முன்னாடி தூக்கிப் போட்டுச்சு. இப்ப குத்துது. தூக்கிப் போடறது பரவாயில்லைங்க."

பதில் சொல்ல வாய் வரவில்லை. மிச்சம் இருந்த தடைகளை எல்லாம் நடக்கிற வேகத்தில் தாண்டினேன்.

தூக்கிப் போடுவது வேறு, குத்துவது வேறு. இந்த இரண்டு சொல்லுக்குள் நான் படித்த பாடமெல்லாம் அடங்கிவிட்டது. செத்துப்போன சாக்கில் வண்டி மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும், அதுதான் தூக்கிப் போடுவது. விறைப்பான சாக்கில் ஆட்டம் இல்லை. ஆனால் சக்கரம் சட்டென்று மேலே போக வேண்டிய நேரத்தில் சாக் வழி விடாமல் அந்த அடியை அப்படியே உடம்புக்கு அனுப்பும். 650 கிலோவை ஒட்டிய எடை, 12 அங்குலச் சக்கரம். பெரிய வண்டி மிதித்துக்கொண்டு போகிற பள்ளத்தில் இந்தச் சின்னச் சக்கரம் முழுசாக விழுந்து எழும். போதாக்குறைக்கு அந்தச் சிவப்பு புஷ். ரப்பர் அடியை வாங்கி விழுங்கும், பாலியூரித்தேன் வாங்கியதை நேர்மையாகக் கைமாற்றிவிடும். பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு அது நல்லது, ரோடு என்ன சொல்கிறது என்று அவனுக்குக் கேட்க வேண்டும். இவளுக்கு ரோடு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வெட்கம் எதில் என்றால், மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள கப்ளிங்கில் ஏன் ரப்பர் புஷ் போடுகிறோம், இரும்பையே போட்டால் என்ன என்று பயிற்சிக்கு வருகிற பையன்களிடம் வருஷா வருஷம் கேள்வி கேட்டவன் நான். ஒன்றின் அதிர்ச்சி மற்றொன்றுக்குப் போகாமல் இருக்க என்று அவர்கள் சொன்னால் 'கெட்டிக்காரன்' என்று முதுகில் தட்டுவேன்.

பாயிடம் போய், "அன்னிக்கு ஏன் 'ம்'னு சொன்னீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "வீட்டுல அம்மாவுக்கு முதுகு வலின்னு நீங்க சொல்லவே இல்லையே சார். நீங்க ரேஸுக்குப் போறீங்களோன்னு நெனச்சேன்" என்றார்.

கம்பெனி மாதிரி சாதா எண்ணெய் சாக் நாலும், ரப்பர் புஷ்களும், சாக்கின் உச்சியில் உட்காரும் ரப்பர் மவுண்ட் இரண்டும் வாங்கினேன். மவுண்டை முதல் தடவை மாற்றாமல் விட்டது இன்னொரு முட்டாள்தனம். அதில் ரப்பர் உட்கார்ந்து போயிருந்தது, அந்த 'டக்' சத்தத்தில் பாதி அங்கிருந்துதான். ஸ்பிரிங் வேலை முழுவதும் பாயின் பிரஸ்ஸில். மற்றதெல்லாம் போர்ட்டிகோவில், இந்தத் தடவை நான் தனியாகவே.

ரப்பர் புஷ் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது லோயர் ஆர்ம் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். அளவாக மாட்டி வைத்து, வண்டியை இறக்கி, முன் சக்கரங்களைத் தடித்த பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தி, எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்கினேன். குனிந்து கை நுழைக்க ரொம்பக் கஷ்டம். இந்த வயதில் எழுந்திருக்கும்போது எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. "நல்லாயிருக்கு, இனிமே ரெண்டு பேரும் பிசியோதெரபிக்குப் போலாம்" என்றாள் இவள்.

காற்றையும் பார்த்தேன். பங்கில் பையன் பழக்கத்தில் எல்லா வண்டிக்கும் 35 வைக்கிறான். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. புத்தகத்தில் இருக்கும் அளவுக்கே இறக்கினேன். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை, கடைசியில்தான் செய்தேன்.

வேகத்தடைகளையும் அளந்து பார்த்தேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை. இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி வட்ட முதுகுள்ள தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டுவதற்கான கணக்கு அது. எங்கள் தெரு முனையில் இருப்பது உயரம் 14, அகலம் முக்கால் மீட்டர்கூட இல்லை. யாரோ மிச்சமான தாரைக் கொட்டி மண்வெட்டியால் தட்டியது. அதற்கு எந்தக் கம்பெனி சாக் போட்டாலும் ஒன்றுதான். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன்.

விறைப்பான சாக்குகளும் சிவப்பு புஷ்களும் பரணில் இருக்கின்றன. தம்பியின் நண்பன் ஒருவன் பழைய 800 ஒன்றை வாங்கி நோண்டிக்கொண்டிருக்கிறானாம், கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், கம்ப்ரஸர் கதையையும் சேர்த்துச் சொல்லி.

சென்ற புதன்கிழமை தில்லைநகர் போனோம். தெரு முனைத் தடையில் கையை ஊன்றினாள். அரியமங்கலம் தாண்டும்போது தம்பியின் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையை ஆரம்பித்தாள். காந்தி மார்க்கெட் பக்கம் வண்டி ஒரு தடையில் ஏறி இறங்கியது. அவள் கை இரண்டும் மடியில் இருந்தன, கதை நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பவுன் கேட்டார்கள் என்பதை மட்டும் நான் சரியாகக் கவனிக்கவில்லை.